வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தோமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் செயற்கைக்கோள் படங்கள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "முன்பு ஊழியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வடிவத் திருத்தத்தை இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் முடிக்கிறது." அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனத்தில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்ததால்தான் எல்லாம் தாமதமானது என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன், நன்றி.

உங்களுக்குத் தெரியாததில்லை, செயற்கைக்கோள் எப்போதும் நேர் கீழே பார்த்துப் படம் எடுப்பதில்லை. சாய்ந்தும் எடுக்கும், அடியில் பூமி சுழன்றுகொண்டே இருக்கும், மலை இருந்தால் அதன் உச்சி படத்தில் வேறெங்கோ போய் விழும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். 20 டிகிரி சாய்வில் எடுத்தால் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால் உச்சி 900 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அதை உரிய இடத்துக்கு இழுத்து வருவதுதான் வடிவத் திருத்தம். அதற்கு உயரத் தரவும் வேண்டும், தரையில் இடம் உறுதியாகத் தெரிந்த புள்ளிகளும் வேண்டும், அதாவது நாங்கள் சொல்லும் ஜிசிபி. அந்தப் புள்ளிகளை டோப்போஷீட்டிலிருந்து, அதாவது அரசின் நில வரைபடத் தாளிலிருந்து எடுப்போம். கடலோரம், எல்லைப்புறம் என்றால் ஷீட் வாங்கவே அப்போது அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஷீட் வந்து சேர்ந்தால் அதில் இருக்கும் ரோடு சந்திப்பு படத்தில் இருக்காது, ஏரி சுருங்கியிருக்கும், நேரில் போய் அளக்கலாம் என்றால் 2000 மே வரை ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்துதான் கொடுத்தது. நாட்கள் போனது இதில்தான். கம்ப்யூட்டர் கணக்கை ராத்திரி ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும்.

சரி, அந்தக் கணக்கு வேகமானது எப்படி என்றாவது எழுதியிருக்கலாம். கார்ட்டோசாட்-1 என்ற நம் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ஒரு வரிக்கே 12,000 பிக்சல், சதுரமாக வெட்டினால் 14 கோடிக்கு மேல். ஒவ்வொன்றும் எங்கே போய் விழ வேண்டும் என்று முழுச் சூத்திரத்தையும் போடாமல், இடைவெளி விட்டுச் சில பிக்சல்களுக்கு மட்டும் சரியாகக் கணக்கிட்டு நடுவில் இருப்பதைத் தோராயமாக நிரப்பலாம், பிழை எல்லை மீறும் இடத்தில் மட்டும் நெருக்கிப் போடலாம். ஜிடால் என்ற இலவச மென்பொருள் வெகுகாலமாக இப்படித்தான் செய்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் எட்டில் ஒரு பங்கு பிக்சல் பிழை வரை அது பொறுத்துக்கொள்ளும். இதில் நுண்ணறிவு எங்கே வந்தது? அப்புறம், எங்கள் ஆபீசில் நேரத்தைத் தின்றது கணக்கே இல்லை, டிஸ்க்கிலிருந்து படத்தைப் படிப்பதுதான். வரிவரியாக வைத்திருந்த கோப்பைச் சதுரத் துண்டுகளாக மாற்றி வைத்ததும் வேலை பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேகமான டிஸ்க் கேட்டு நாங்கள் எழுதிக் கொடுத்தது மேலாளர் மேஜையிலேயே கிடந்தது, கணக்கை வேகமாக்கும் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு மட்டும் பூஜை போட்டு வந்து இறங்கியது.

உங்கள் பத்திரிகையோடு எனக்குப் பழைய கணக்கும் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது திருத்தாத படத்தின் மேல் வார்டு எல்லைகளை வரைந்து முதல் பக்கத்தில் போட்டீர்கள், அதில் அடையாறு எங்கள் தெரு வழியாக ஓடியது. மொட்டை மாடியில் இருக்கிறீர்களா, சாப்பாடு வருகிறதா என்று ஊரிலிருந்து ஒரே போன். தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், இடமில்லையோ என்னவோ, வரவில்லை. அந்த வாரம் ராசிபலன் மட்டும் ஒரு பக்கம் கூடுதலாக வந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி செயற்கைக்கோள் படம் போட்டால் எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, திருத்தியதா இல்லையா என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விளம்பரத்துக்கு இடைஞ்சல் என்றால் பொடி எழுத்தில் போடுங்கள், என்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன்,
நங்கநல்லூர், சென்னை