பழைய ஹைபிரிட் கார்களும் அளக்காமலே மாற்றப்படும் பற்றரிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில், பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும், பத்து ஆண்டுகளைக் கடந்த ஹைபிரிட் கார்களை வைத்திருப்போர் பலர் அண்மைக் காலமாக ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள்: பெற்றோல் முன்னரைவிட அதிகமாகச் செலவாகிறது, கந்தளாய் வீதியில் ஒரு லொறியை முந்துவதற்கு அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி எழும்புவதில்லை. இதைக் கேட்டவுடன், எதையும் அளந்து பார்க்காமல், “பற்றரி முடிந்துவிட்டது” என்று தீர்ப்புச் சொல்லும் கராஜ்கள் இங்கு உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதாலும், புதிய வாகனங்களின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதாலும், இந்தப் பழைய கார்களை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டவேண்டிய நிலையில்தான் பெரும்பாலோர் இருக்கிறோம். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பற்றரியைச் சந்தேகிப்பது தவறன்று. அக்வா, பிரியஸ் போன்ற கார்களின் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவது. உள்வாங்கும் வால்வு தாமதமாக மூடப்படுவதால் அது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது, ஆனால் தாழ்ந்த வேகத்தில் அதற்கு இழுவை குறைவு. அந்தக் குறையை நிரப்புவது மின்மோட்டார். பற்றரி தளர்ந்தால் மோட்டாரின் கை தளரும், சுமை முழுவதும் எஞ்சின்மேல் விழும், பற்றரியை மீண்டும் ஏற்றுவதற்காக அதே எஞ்சின் வீணாகவும் ஓடும். இரண்டு குறைகளும் ஒன்றாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, செலவு கூடியிருப்பது நகருக்குள்ளா, நெடுந்தூரப் பயணத்திலா என்பது. ஹபரணை வரை சீராக ஓடும்போது பழைய கணக்கு அப்படியே இருந்து, நகர ஓட்டத்தில் மட்டும் செலவு கூடியிருந்தால் பற்றரியின் பக்கம் பார்க்கலாம்; திரையில் பற்றரிக் கோடுகள் மளமளவென்று ஏறி அதே வேகத்தில் இறங்கினால் சந்தேகம் வலுக்கும். இரண்டிலும் கூடியிருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர், அடைபட்ட எயார் பில்டர், தேய்ந்த பிளக், கரி படிந்த திரொட்டில், எஞ்சினின் சூட்டைச் சீராக வைக்காமல் திறந்தபடியே நின்றுவிட்ட தேர்மோஸ்டாற் என்பவற்றைப் பார்க்காமல் பற்றரியைக் கழற்றுவதில் பொருளில்லை. இவற்றில் பிரேக்கைச் சோதிக்கக் கருவியே தேவையில்லை: சிறிது தூரம் ஓடி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனல் வீசுவது தெரிந்துவிடும். கடற்காற்றில் துரு ஏறும் எங்கள் ஊரில் இது அடிக்கடி நேர்வது.

பற்றரியே என்றாலும் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. இக்கார்களின் நிக்கல் பற்றரி, காருக்குள் உள்ள காற்றைப் பின் இருக்கையருகே இருக்கும் துவாரத்தின் வழியே ஒரு விசிறியால் உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலும் தூசியும் அந்த விசிறியில் அடைத்துக்கொண்டால் பற்றரி சூடாகும். சூடான பற்றரியின் பயன்பாட்டைக் கணினி தானே மட்டுப்படுத்தும். சுத்தப்படுத்துவதற்குச் செலவு சொற்பமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஓட்டுவோர், அந்த அனற்காற்றையே பற்றரிக்கும் ஊட்டுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியில் 7.2 வோல்ற் கொண்ட 28 அலகுகள் தொடராக இணைந்து 201.6 வோல்ற் தருகின்றன. காரின் கணினி அவற்றை இரண்டிரண்டாக 14 தொகுதிகளாகக் கண்காணிக்கிறது. உவர்மலை ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரில் அந்த 14 அளவீடுகளையும் பார்த்தால், சுமையின் கீழ் எது மற்றவற்றைவிட அதிகமாகச் சரிகிறது என்பது வெளிப்படும். நிறுத்திவைத்த காரில் எடுத்த அளவீடு பெரிதாக எதையும் சொல்லாது. பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தாலும் இந்த அளவீடுகளைக் கேட்டுப் பார்ப்பது காரின் சொந்தக்காரருக்கு நல்லது. பழுதான ஒரு அலகை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும் மலிவான வைத்தியத்தை நான் நம்புவதில்லை. வயதான அலகுகளுக்கிடையே வேறு கொள்ளளவுள்ள ஒன்றைச் செருகினால், தொடர் இணைப்பில் அடுத்த பலவீனமான அலகு விரைவில் விழும்.

இவ்வேலையை வீட்டில் செய்ய எவரும் முயலக் கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களில் இருப்பது உயிர்போக்கும் மின்னழுத்தம். பற்றரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பின்னரும், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வேர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும், கையில் காப்புறை இருக்க வேண்டும். காப்புறையின்றி இந்த வேலையைச் செய்யும் இளைஞர்களை நம் கராஜ்களில் காண்கிறோம். மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் ஹைபிரிட் வாகனங்களுக்கென ஒரு குறுகிய பயிற்சியைத் தமிழில் நடத்த முன்வர வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும், பற்றரி மாற்றும் எந்தக் கராஜும் மாற்றுவதற்கு முன் எடுத்த தொகுதி அளவீடுகளைப் பற்றுச்சீட்டோடு எழுத்தில் தரவேண்டும் என்ற நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, அந்தத் தாளைக் கையில் தராத கராஜுக்குப் பற்றரிக்கான முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.