அரையாண்டு நிறைவும் பத்தாம் வகுப்பு வரலாற்று ஆல்பமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. கபடியிலும் சதுரங்கத்திலும் வட்டார அளவில் பரிசு வாங்கியிருக்கிறோம். கலை நிகழ்ச்சிகளிலும் குறையில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று, கீழ்த்தளக் குழாய்களை மாற்றியாயிற்று. பத்தாம் வகுப்புக்கான மாலை நேரச் சிறப்பு வகுப்பு பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடரும். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய ஒரு விஷயம்.

ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் காந்தி, பாரதி, ஜான்சி ராணி வரிசையில் ஒரு ஹிட்லரும் மேடையேறினார். குழந்தை கையை விறைப்பாக நீட்ட, அரங்கம் கைதட்டியது. குழந்தை மேல் எந்தத் தவறும் இல்லை. வேடம் கட்டிவிட்டவர்களும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். வேடப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்க்காமல் விட்டது எங்கள் கவனக்குறைவு. ஆனால் அதே வாரம் ஹிட்லரின் 'பொன்மொழி' ஒன்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. ஹிட்லர் ஆட்சியில் நடந்த யூதப் படுகொலையைப் பற்றி அடுத்த வாரம் வந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆல்பங்கள் பலவற்றில் அதுவே முதல் பக்கத்தில் வண்ண எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஆல்பங்களைத் திருத்தாமல் திருப்பித் தந்ததற்குக் காரணம் இதுதான்.

யூதர்களில் சிலரை வேண்டுமென்றே விட்டுவைத்தேன், ஏன் கொன்றேன் என்று உலகம் பின்னால் புரிந்துகொள்ளும், என்று ஹிட்லர் சொன்னதாக அந்த வாசகம் சொல்கிறது. அப்படி அவர் பேசியதற்கோ எழுதியதற்கோ எந்த ஆவணமும் இல்லை. இருக்கிற ஆவணம் நேர்மாறானது. 1942 ஜனவரி 20 அன்று, பெர்லின் ஓரத்தில் உள்ள வான்சே ஏரிக்கரை மாளிகையில் நாஜிப் போலீஸ் உயரதிகாரி ரைன்ஹார்ட் ஹைட்ரிக் தலைமையில், ஐரோப்பாவின் யூதர்களை ஒழிக்கும் திட்டம் பற்றிப் பேச 15 அதிகாரிகள் கூடினார்கள். அந்தக் கூட்டக் குறிப்பில் நாடுவாரியாக யூதர்களின் தொகை இருக்கிறது. கூட்டினால் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டும். ஜெர்மனி கைப்பற்றாத இங்கிலாந்தும் அயர்லாந்தும்கூட அதில் உண்டு. அல்பேனியாவுக்கு நேரே 200 என்று எழுதியிருக்கிறது. இருநூறு பேரையும் கணக்கில் சேர்த்தவர்களா சிலரை விட்டுவைத்திருப்பார்கள்? பிழைத்தவர்கள் முன்பே தப்பிப் போனவர்கள், யாரோ ஒளித்து வைத்தவர்கள், கொன்று முடிப்பதற்குள் ஜெர்மனி தோற்றதால் உயிரோடு மீண்டவர்கள்.

குழுவில் வந்த மற்றவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறோம். 'அதிவேகச் சாலைகளைக் கண்டுபிடித்தவர் ஹிட்லர்' என்று ஒன்று. ஜெர்மனியின் கொலோன்–பான் அதிவேகச் சாலை 1932 ஆகஸ்ட் 6 அன்றே திறக்கப்பட்டது. ஹிட்லர் பிரதமராவதற்கு இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தது. திறந்து வைத்த கொலோன் மேயர் கொன்ராட் அடேனாவரை 1933ல் ஹிட்லரின் கட்சியினரான நாஜிகள் பதவியிலிருந்து துரத்தினார்கள். 'இந்திய விடுதலைக்கு ஆதரவானவர்' என்று இன்னொன்று. நடைபாதைக் கடைகளில் தன்முன்னேற்ற நூல்களுக்கு நடுவே விற்கும் அவருடைய 'மெயின் காம்ப்' நூலிலேயே, இந்தியா வேறு எவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே விரும்புவதாக எழுதியிருக்கிறார். வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் வரை போவதில்லை போலும்.

ஆல்பத்துக்கு வருவோம். கொலையிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடாது, மிரட்சிதான் மிஞ்சும். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 1933ல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம் யூத ஆசிரியர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வழி செய்தது. ஏப்ரல் 25 அன்று வந்த சட்டத்தின் பெயர், பள்ளிகளில் நெரிசலைக் குறைக்கும் சட்டம். புதிய சேர்க்கையில் யூதப் பிள்ளைகள் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் உள்ளடக்கம். நிர்வாகச் சுற்றறிக்கை போன்ற அந்தப் பெயரைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 1935 செப்டம்பர் 15, நியூரம்பெர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் நீயும் யூதன், நீ எதைக் கும்பிட்டாலும் சரி. 1938 நவம்பர் 9 இரவு யூதக் கோயில்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. சுமார் 30,000 ஆண்கள் டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹௌசன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே நவம்பர் 15 அன்று, மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளும் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1939 தொடக்கத்திலிருந்து ஆண்கள் பெயரோடு 'இஸ்ரேல்', பெண்கள் பெயரோடு 'சாரா' சேர்க்க வேண்டும் என்று ஆணை. 1941 செப்டம்பரிலிருந்து ஆறு வயதான குழந்தையும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்கலாம்.

'ஏன் ஓடிப்போகவில்லை?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பாதிக்கு மேற்பட்டோர் போர் தொடங்குமுன் ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. 1939ல் 937 பயணிகளோடு புறப்பட்ட செயின்ட் லூயிஸ் கப்பலில் பெரும்பாலோரைக் கியூபா இறங்க விடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் மாண்டார்கள்.

விடைத்தாளில் அதிக மதிப்பெண் போன இடம் வேறு. 'வதைமுகாம்' என்ற ஒரே சொல்லைப் பிள்ளைகள் இரு வேறு வகை முகாம்களுக்கும் எழுதுகிறார்கள். டாகாவ் முகாம் 1933 மார்ச் 22 அன்று மியூனிக் அருகே திறந்தது. முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கத்தார். நீதிமன்றம் இல்லாமல், கால வரம்பு இல்லாமல் அடைத்து, அடித்து, வேலை வாங்குகிற இடம் அது. பசியாலும் நோயாலும் அடியாலும் ஆயிரக்கணக்கானோர் அங்கே இறந்தார்கள். அதை வதைமுகாம் என்று எழுதலாம். வந்து இறங்கிய சில மணி நேரத்தில் கொல்வதற்கென்றே ஏற்பட்டது கொலைமுகாம். ஹெல்ம்னோ, பெல்செட்ஸ், சோபிபோர், ட்ரெப்ளிங்கா ஆகியவை இந்த வகை. மைதானெக்கும் ஆஷ்விட்ஸ்-பிர்க்கனாவும் வதைமுகாமாகவும் கொலைமுகாமாகவும் இயங்கின. ஆறும் இருந்தது ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த போலந்தில். 'ஆஷ்விட்ஸ் ஜெர்மனியில் உள்ளது' என்று எழுதினால் தவறு. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டோர் சுமார் 13 லட்சம், அங்கே இறந்தோர் சுமார் 11 லட்சம், அவர்களில் யூதர்கள் சுமார் 10 லட்சம். இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று மாறிப்போகின்றன.

கையில் எண் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும். அங்கேயும், நேரே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண் கிடையாது, அவர்கள் பதிவேட்டிலேயே ஏறவில்லை. கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் எல்லோரும் முகாமில் இறந்தவர்கள் அல்லர். குறைந்தது 15 லட்சம் பேரை அவரவர் ஊர் எல்லையிலேயே பள்ளம் வெட்டிச் சுட்டார்கள். கீவ் நகரத்து 'பாபி யார்' பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 பேர். இது சுட்டவர்களே மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் உள்ள எண்.

ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆனி ஃபிராங்க் பற்றி ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அவர் விஷவாயு அறையில் இறக்கவில்லை. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1944 செப்டம்பர் 3 அன்று ஆஷ்விட்ஸுக்கும், பிறகு பெர்கன்-பெல்சனுக்கும் கொண்டுபோகப்பட்டு, 1945 தொடக்கத்தில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். இதைப் பலர் டைபாய்டு என்று எழுதுகிறார்கள். டைபாய்டு கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருவது. டைபஸ் உடல் பேன்களால் பரவுவது. மாற்றுத்துணியும் குளிக்கத் தண்ணீரும் இல்லாமல் ஒருவர் மேல் ஒருவராய் அடைத்தால் அது எளிதில் பரவும். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை பெல்சனுக்குள் நுழைந்தபோது சுமார் 60,000 பேர் உள்ளே இருந்தார்கள். புல்டோசர் பிணங்களைத் தள்ளும் படம் அங்கே எடுத்தது. அதை 'ஆஷ்விட்ஸ்' என்று தலைப்பிட்டு ஒட்ட வேண்டாம். அந்தப் படமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் இது போன்ற காணொளிகளைத் தயவுசெய்து ஓட விடாதீர்கள்.

தெர்மாகோலில் முகாம் மாதிரியும் வேண்டாம். காவல் கோபுரத்துக்கு வண்ணமடித்து, புகைபோக்கியில் பஞ்சு ஒட்டுவதிலேயே மூன்று நாள் போய்விடுகிறது, உள்ளே இருந்த மனிதர் யார் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. கைதி, காவலர் என்று நடித்துக் காட்டுவதும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு ஐரோப்பா வரைபடத்தில் ரயில் வழிகளை வரையட்டும். யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றதற்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வசூலித்தது: மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 பிஃபென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). 10 வயதுக்குட்பட்டோருக்கு அரைக் கட்டணம், 4 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம், 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. ஏற்றியது சரக்குப் பெட்டியில். திரும்பி வரும் கட்டணம் காவலர்களுக்கு மட்டும்தான். நெதர்லாந்திலிருந்து இப்படிப் போன யூதர்கள் சுமார் 1,07,000 பேர், உயிரோடு மிஞ்சியவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம். கொன்ற முறையைப் பற்றி ஒரே வரி போதும்: ட்ரெப்ளிங்காவிலும் சோபிபோரிலும் பெல்செட்ஸிலும் இன்ஜின் புகை, ஆஷ்விட்ஸில் சைக்ளோன் பி என்னும் பூச்சிக்கொல்லி.

ஆல்பம் பத்துப் பக்கம் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பிர்க்கனா ரயில் மேடையில் 1944 மே மாதவாக்கில் ஹங்கேரி யூதர்கள் இறங்கி நிற்கும் படங்கள் முகாம்களை நடத்திய எஸ்.எஸ். என்னும் நாஜிப் படையினரே எடுத்தவை. அதே ஆண்டு ஆகஸ்டில் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ஒளிந்து எடுத்த நான்கு படங்களும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். இணையத்தில் இப்போது கணினி உருவாக்கிய போலி முகாம் படங்களும் உலவுவதால், எடுத்தவர் யார் என்று தெரியாத படத்தை ஒட்டவே வேண்டாம். முதல் பக்கத்துக்கு வாசகம் தேவையென்றால் வார்சா நகர வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கல்ப்ளூமைப் பற்றி நான்கு வரி எழுதலாம். யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்த 'கெட்டோ' பகுதியில் நடந்ததையெல்லாம் அவரும் நண்பர்களும் எழுதிச் சேர்த்துத் தகரப் பெட்டியிலும் பால் கேன்களிலும் புதைத்தார்கள். போருக்குப் பிறகு 1946ல் பெட்டிகளும், 1950ல் இரண்டு கேன்களும் தோண்டி எடுக்கப்பட்டன. அல்லது யானுஷ் கோர்ச்சாக். அநாதை இல்லம் நடத்தியவர். 1942 ஆகஸ்டில் சுமார் 200 பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா ரயிலில் ஏறினார்.

கடைசிப் பக்கத்தில் மற்றவர்களும் வர வேண்டும்: ஊனமுற்றோர், மனநலம் குன்றியோர் என்று 1940–41ல் ஆறு மையங்களில் கொல்லப்பட்ட சுமார் 70,000 பேர், போர்க்கைதிகளாகப் பட்டினியிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் மாண்ட சோவியத் வீரர்கள் 30 லட்சத்துக்கு மேல், 'ஜிப்சி' என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள். ரோமா மொழியின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 2 இரவு பிர்க்கனாவின் ரோமா முகாமில் மிச்சமிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்று தீர்த்தார்கள்.

ஸ்வஸ்திகா பற்றிச் சிலர் கேட்டீர்கள். நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் போடுவதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. 'நம்முடையது வலப்பக்கம் திரும்பும், அவர்களுடையது இடப்பக்கம்' என்று வந்த தகவல் தவறு, இரண்டும் பெரும்பாலும் வலப்பக்கமே. சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், 45 பாகை சாய்ந்த கறுப்பு வடிவம் என்றால் அது நாஜிக் கொடி. ஆல்பத்தின் அட்டையில் அதை வரைய வேண்டாம். ஜெர்மனியில் அந்தக் கொடியைப் பொது இடத்தில் காட்டுவதும் கை நீட்டி வணக்கம் வைப்பதும் மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். மேற்படிப்புக்கு அங்கே போகும் நம் பிள்ளைகள் 'விளையாட்டுக்கு' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே தெளிவாகவே சொல்கிறோம். இனி எந்த மேடையிலும் ஹிட்லர் வேடம் கிடையாது. வகுப்புக் குழுப் படத்தில் அந்த வணக்கம் வைத்தால் படம் ரத்து, பெற்றோர் நேரில் வர வேண்டும். பெற்றோர் குழு வீட்டுப்பாடத்துக்கும் பேருந்து நேரத்துக்கும் ஏற்பட்டது. 'ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தால்தான் நாடு திருந்தும்' வகைச் செய்திகளை அதில் போட்டால் நீக்கப்படும், மறுபடி போட்டால் போட்டவரும் நீக்கப்படுவார். கண்டிப்பான ஆசிரியருக்கு 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைப்பது தலைமுறை தலைமுறையாக வருகிறது, இந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது உண்டென்று தெரியும். வேறு பெயர் யோசிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேடம் பற்றி முதலில் எங்களிடம் வந்து வருத்தம் தெரிவித்ததே அந்தக் குழந்தையின் குடும்பம்தான். அவர்களுக்குச் சிறப்பு நன்றி. தாத்தா பாட்டியிடம் கேட்டு, நூலகத்தில் தேடி ஆல்பத்துக்கு உதவிய பெற்றோர்களுக்கும் நன்றி.

திருத்திய ஆல்பத்தை ஜனவரி 24க்குள் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாளான ஜனவரி 27 அன்று, நல்ல ஆல்பங்கள் நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். மாலை 4 மணி முதல் 5.30 வரை நீங்களும் வந்து பார்க்கலாம். அன்று பள்ளிப் பேருந்துகள் வழக்கமான நேரத்திலேயே புறப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்