தூது போனவன் எழுதுவது

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. தொலைபேசியில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். பூபதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தோம். பந்தியில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். குடை விஷயத்தை பிரேமா அக்கா இன்னும் மறக்கவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். நிலாவிடம் பேசி இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பை மாற்ற வை என்று என்னைத் தூது அனுப்பினாய். இன்று மதியம் சாப்பிட வந்தாள், பேசினேன். சேது, நான் அவள் பக்கம் சேர்ந்துவிட்டேன். காரணம் சொல்லாமல் விட்டால் மாதக்கணக்கில் என்னோடு பேசமாட்டாய். அதனால் இந்த நீண்ட கடிதம்.

அவள் எடுத்திருப்பது பிழைதிருத்தக் குறியீடு, அதாவது செய்தியோடு கூடுதல் பிட்டுகளையும் சேர்த்து அனுப்பி, வழியில் சிதைந்ததைத் திருத்திக்கொள்ளும் முறை. அதெல்லாம் நம் காலத்திலேயே முடிந்துபோன கணக்கு என்று சொன்னாயாம். கணக்கு வாத்தியார் சொல்லக்கூடிய பேச்சா இது? ராபர்ட் கேலகர் 1960-இல் எம்ஐடியில் முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதியதுதான் எல்டிபிசி என்னும் பிழைதிருத்தக் குறியீடு. அன்றைய கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அநேகமாக யாரும் சீண்டவில்லை. 1993-இல் பெர்ரூவும் அவருடைய கூட்டாளிகளும் டர்போ என்னும் வேறொரு குறியீட்டை வெளியிட்டுத் துறையையே உலுக்கினார்கள். அதன் பிறகு மக்கேயும் நீலும் கேலகரின் குறியீட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். இன்று உன் கைபேசிக்கு 5ஜி வழியாக வரும் தரவு அந்தக் குறியீட்டில்தான் வருகிறது. முடிந்துபோன கணக்கு என்று யாராவது 1975-இல் முத்திரை குத்தியிருந்தால் நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் நிலா எடுத்திருப்பது கைபேசி அல்ல, வாகனங்கள் ஒன்றோடொன்று பேசுவது. அங்கே நிலைமை வேறு. சாலைக் கட்டணம் வசூலிக்கும் ஈஆர்பி வளைவுக்கடியில் கார் போகும்போது வளைவு கேட்கிறது, காரிலுள்ள கருவி பதில் சொல்கிறது. கார்களுக்கிடையே அந்த வசதி இல்லை. ஒவ்வொரு காரும் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை வரை ஊருக்கே அறிவித்தபடி போகும். யாருக்குக் கேட்டது என்று அதற்குத் தெரியாது. "சரியாக விழவில்லை, மறுபடியும் சொல்" என்று யாரும் கேட்கவும் முடியாது. எல்லோரும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை சொன்னால், நெரிசலில் இருக்கும் அலைவரிசை அடைத்துப்போகும். ஆகவே முதல் முறை வந்து சேர்வதை வைத்துத்தான் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். செய்தியில் ஒரு பிட் தவறாக நின்றாலும், கடைசியில் உள்ள சரிபார்ப்பு முழுச் செய்தியையும் தூக்கி எறிந்துவிடும்.

சாப்பிட்ட தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். சோதனைத் தடத்தில் இரண்டு கார்களை எதிரெதிராக ஓட்டிப் பதிவு செய்த அலைகள். அவள் ஒரு செய்தியை எடுத்து, அதன் குறிகளை, அதாவது இரண்டிரண்டு பிட்டுகளைச் சுமக்கும் அலைத்துண்டுகளை, ஒவ்வொன்றாகப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டினாள். மூலைக்கு ஒரு பிட் ஜோடி. தொடக்கத்தில் புள்ளிகள் நான்கு மூலைகளிலும் நெருக்கமாகக் கூடி நிற்கின்றன. நடுவில் வரும்போது பரவ ஆரம்பிக்கின்றன. கடைசியில் கூட்டங்கள் சுழன்று, ஒரு மூலையில் இருக்க வேண்டியவை பக்கத்து மூலைக்குள் நுழைந்துவிட்டன. தவறான பிட்டுகள் எல்லாம் செய்தியின் வாலில் குவிந்திருக்கின்றன. "பாருங்கள் மாமா, தலை சரியாக இருக்கிறது" என்று அவள் விரல் வைத்துக் காட்டியபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஏன் வாலில்? நீயே கணக்குப் போட்டுப் பார். நம் விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கார்கள் நொடிக்கு 50 மீட்டர் நெருங்குகின்றன. 300 பைட் செய்தியை நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 0.4 மில்லிநொடி ஆகும். அதற்குள் அவை 2 சென்டிமீட்டர் நெருங்கிவிடுகின்றன. கார்கள் பேசிக்கொள்ளும் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 5 சென்டிமீட்டர்தான்! லாரி மீதும் தடுப்பு வேலி மீதும் பட்டுத் திரும்பும் அலைகள் வேறு ஒன்றோடொன்று கலக்கின்றன. செய்தியின் தொடக்கத்தில் உள்ள, இரு பக்கமும் முன்பே அறிந்த குறிப்பை வைத்துத்தான் வாங்கும் கருவி அலைப்பாதையை, அதாவது அலை வழியில் எப்படி மாறி வருகிறது என்பதை, அளந்துகொள்கிறது. செய்தி முடிவதற்குள் அந்தப் பாதையே மாறிவிடுகிறது. வாகனங்களுக்கென்று 2010-இல் வந்த தரநிலை, வீட்டுக்குள் அசையாமல் இருக்கும் கருவிகளுக்காக 1999-இல் வகுத்த வைஃபை முறையை வேகம் பாதியாக்கி எடுத்துக்கொண்டதுதான். பிட்டுகளைக் கலைத்துப் பரப்பும் வேலைகூட அதில் ஒரே நேரத்தில் கிளம்பும் ஒரு தொகுதிக் குறிகளுக்குள்தான் நடக்கிறது. ஆகவே வாலில் விழுந்த அடி வாலிலேயே நிற்கிறது, தலைக்குப் பகிர்ந்துபோவதில்லை.

இங்கேதான் நிலாவின் கேள்வி எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் எல்லாம் அந்தத் தரநிலையில் உள்ள பழைய குறியீட்டை எடுத்துவிட்டு எல்டிபிசியைப் போட்டால் போதும் என்கிறார்களாம். அவள் கேட்பது, குறியீட்டுக்கு நாம் கொடுக்கும் தகவல் நேர்மையானதா என்பது. பழைய குறியீட்டைப் படிக்கும் விட்டர்பி முறையோ எல்டிபிசியோ, ஒவ்வொரு பிட்டோடும் "இது எவ்வளவு உறுதி" என்ற மதிப்பையும் எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. பழைய அளவீட்டை வைத்துக்கொண்டு வால் பகுதியைப் படிக்கும் கருவி, தவறான பிட்டைக் கொடுத்து "நிச்சயம் இதுதான்" என்றும் சத்தியம் செய்கிறது. நீதிமன்றத்தில் "எனக்குத் தெரியாது" என்னும் சாட்சியால் வழக்கு கெடுவதில்லை, அடித்துப் பேசும் பொய்ச்சாட்சியால்தான் கெடுகிறது. உனக்குக் கணக்காகவே சொல்கிறேன்: அந்தப் பழைய குறியீட்டின் குறைந்தபட்சத் தூரம் 10, அதாவது அதில் செல்லுபடியாகும் எந்த இரண்டு வரிசைகளும் குறைந்தது 10 பிட்டுகளிலாவது வேறுபடும். அருகருகே 9 பிட்டுகள் அழிந்துபோனாலும், எவை அழிந்தன என்று தெரிந்தால் மீட்டுவிடலாம். எவை தவறு என்று தெரியாவிட்டால் 4 பிழைகளுக்கு மேல் உத்தரவாதம் இல்லை. சந்தேகத்தைச் சந்தேகம் என்று சொன்னாலே வலிமை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. செய்தி நகர நகர அந்த உறுதியை எவ்வளவு குறைப்பது, வழியிலேயே பாதையை மறுபடி எப்படி அளப்பது, இரண்டையும் சேர்த்துத்தான் அவள் ஆராயப்போகிறாள். வைஃபை குடும்பத்தின் புதிய வாகனத் தரநிலையும் எல்டிபிசியை மட்டும் சேர்க்கவில்லை, செய்தியின் நடுவிலும் அளவீட்டுக் குறிப்புகளைச் செருகியிருக்கிறது. அவள் பிடித்திருக்கும் நூல் சரியான நூல்.

செயற்கை நுண்ணறிவை எடுக்கச் சொல் என்றாயே, அலைப்பாதையைக் கணிக்க அதையும் பயன்படுத்தலாம் என்று அவளே சொல்கிறாள். சந்தையில் எது விலைபோகிறது என்று பார்த்துப் பிள்ளைகளைத் துரத்துவதை நீயாவது செய்யக் கூடாது, சேது. எனக்கு இதில் உன் மேல் கோபம்தான்.

விபத்தில் போய்விட்ட நம் செல்வத்தின் விஷயத்தை நான் எழுத வேண்டியதில்லை. லாரிக்குப் பின்னால் வந்தவனுக்கு அதற்கு முன்னால் நின்றுவிட்ட கார் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காரின் செய்தி, லாரியைச் சுற்றி வளைந்தும் எதிரொலித்தும் நைந்துபோய்த்தான் பின்னால் வரும். ஒரு செய்தி தவறினால் பரவாயில்லை, 90 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டரை மீட்டர். வரிசையாக ஐந்து தவறினால் பன்னிரண்டரை மீட்டர். ஒரு கருவி இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட நைந்த செய்தியிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க ஒரு பெண் தன் ஆண்டைச் செலவிட விரும்பும்போது வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவள் செல்வத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. உன்னிடமும் பேசியிருக்கமாட்டாள். அவன் தோளில் ஏறித் திரிந்தவள் அவள்.

திங்கள் காலையில் தலைப்பைப் பதிய வேண்டுமாம். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இன்றிரவே உனக்கு அனுப்பிவிடுகிறேன். படித்ததும் நீயே அவளைக் கூப்பிடு, என் மூலமாகச் சொல்லி அனுப்பாதே. திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு. அந்த 9-க்கும் 4-க்குமான கணக்கை அவளிடம் கேள். உன்னைவிட நன்றாக விளக்குகிறாள்.

தீபாவளிக்கு ஈப்போ வருகிறோம். காஞ்சனாவிடம் முறுக்கு மாவை முன்கூட்டியே அரைத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
கதிரவன்