பொட்டுவைக் கேட்டு எழுதிய அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தத்துக் கொடுப்பதற்காக நான் வைத்திருக்கும் நாய் பொட்டுவின் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான், இருப்பது இரண்டாம் மாடிக் குடியிருப்பு, தோட்டம் கிடையாது, எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே தயக்கத்தோடு ஒதுங்கிப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதாலும், தயக்கமே இல்லாமல் கேட்கிறவர்கள் அதைவிட அதிகம் என்பதாலும், உங்கள் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் குறைகளாக அடுக்கியிருப்பவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பொட்டுவுக்கு ஏற்றவையே. அந்த ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

பொட்டு ஏறத்தாழ மூன்று வயதுப் பெண் நாய். எடை ஏழு கிலோவுக்குள்தான் இருக்கும். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்றே சொல்லிவிடுகிற ஸ்பிட்ஸ் இனமும் தெருநாயும் கலந்த உடல்வாகு. வெள்ளை முடி, நெற்றியில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மளிகைக் கடை வாசலில் ஒடுங்கிக் கிடந்தவளை, கடைக்காரர் தகவல் சொல்ல, எடுத்து வந்தோம். கழுத்தில் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருந்தது. ஆகவே வீட்டில் வளர்ந்தவள்தான், யாரோ கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்கள். அப்படி விட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து விடுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

கூச்ச சுபாவம் என்று படத்தின் கீழே எழுதியிருந்தேன். அது எந்த அளவுக்கு என்பதை விவரமாகச் சொல்வதுதான் முறை. புதியவர் யாராவது வந்தால் அவள் குரைக்க மாட்டாள், உறும மாட்டாள். கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வாள். குக்கர் விசில் இப்போது பழகிவிட்டது. மிக்ஸி இன்னும் பழகவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தால் வாய் வைக்க மாட்டாள். நாம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டால்தான் பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்கும். அவளுடைய பிரியமும் இதே வழியில்தான் வரும், கூப்பிட்டால் வராது. நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தால், எங்கிருந்தோ வந்து, நம் முகத்தைப் பார்க்காமலேயே, இடுப்பை நம் காலில் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். குனிந்து தலையைத் தடவப் போனால் எழுந்து போய்விடுவாள். கையைச் சும்மா தொங்கவிட்டிருந்தால், மூக்கை அதற்கடியில் நுழைத்துத் தானே தடவிக்கொள்வாள். பிறகு நாம் நிறுத்தினால் முழங்கையை முட்டித் தள்ளுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்கள் ஓரிடத்தில் அமைதியாக உட்காரத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், நாள் ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் காப்பி, மாலையில் நடை, இரவு ஒன்பதுக்கு விளக்கணைப்பு என்று நீங்கள் சலிப்போடு எழுதியிருந்த அந்த அட்டவணையைத்தான் நான் அவளுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் பயந்த நாய்க்குத் தைரியம். உங்களுக்கு முன் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு இவளைப் பரிசாகக் கேட்டார். இன்னொருவருக்குப் பெரிய தனி வீடு, சுற்றிலும் தோட்டம். வாசலில் கட்டிப் போட்டால் திருட்டுப் பயம் இருக்காது என்றார். திருடன் வந்தால் இவள் அவனுக்கு முன்பாகவே கட்டிலுக்கடியில் ஒளிந்துவிடுவாள் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பினேன்.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தபோது, நாய் எடுத்து வளர்க்க விரும்புவதாகச் சொல்லி நிறையப் பேர் அழைத்தார்கள். தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன முதல் ஆணையை அந்த மாதமே கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று திருத்தி, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அதே ஆணை சொல்கிறது. முதல் பாதியைப் படித்தவர்கள் இரண்டாவது பாதியைப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. இரக்கத்தில் நாய் கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரக்கம் ஒரு வாரத்தில் தணிந்துவிடும், நாய்க்கு அதற்குப் பிறகும் தினமும் இரண்டு வேளை சோறு வேண்டும். பொட்டுவைப் பொறுத்தவரை, பிடித்த இடத்தில் விடுவது என்ற பேச்சே எழாது. அது அவளுடைய தெரு அன்று. அங்கே பிறந்து வளர்ந்த நாய்கள் அவளை நிற்கவே விட்டிருக்க மாட்டா, அதனால்தான் கடை வாசலில் ஒடுங்கிக் கிடந்தாள்.

குடியிருப்புச் சங்கத்தார் ஆட்சேபிப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். வளர்ப்பு நாய் வைத்திருக்கக் கூடாது என்று தடை போட அவர்களுக்கு அதிகாரமில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தாலும் அது செல்லாது. அதற்காக அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நடைக்குப் போகும்போது கையில் பழைய செய்தித்தாளோ பையோ இருந்து, நாய் அசிங்கம் செய்தால் அங்கேயே எடுத்துவிட்டால், பாதி ஆட்சேபணை தானாகவே அடங்கிவிடும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்குவதும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழை நான் தருகிறேன். மைக்ரோசிப் பொருத்தியாகிவிட்டது, பெயரை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

உடம்பைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. வந்தபோது காதுமடல் உள்பக்கம் முழுக்க உண்ணி; இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுத்தோம், இப்போது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் உண்ணி எல்லா மாதமும் வரும்; ஆகவே தினமும் மாலையில் காது, விரலிடுக்கு, கழுத்து மூன்றையும் தடவிப் பார்க்க வேண்டும், மருத்துவர் சொன்ன உண்ணி மருந்தைத் தவறாமல் தர வேண்டும். கருத்தடை அறுவை முடிந்துவிட்டது. வெயில் காலத்தில் பாவம் என்று முடியை மழித்துவிடாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கும். தயிர்ச்சோறும் வேகவைத்த கோழியும் ஒத்துக்கொள்கின்றன. வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது. பண்டிகை நாளில் பாயசத்தை அவளுக்கு ஒரு கரண்டி ஊற்ற யாருக்கும் மனசு வரும். அதில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது முதல் சில நாட்களைப் பற்றித்தான். இந்த வேலையில் இருக்கிறவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். பொட்டுவைப் போன்றவர்களுக்கு இது இன்னும் நீளும். முதல் மூன்று நாளும் ஓர் அறையில், மூலையில் பாயும் தண்ணீரும் வைத்து, அவளை அவள்பாட்டுக்கு விட்டுவிடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்ட வேண்டாம். நீங்கள் அதே அறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்காருங்கள். உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தாலோ, இப்போது வேண்டாம் என்று சொல்கிறாள் என்று கொள்ளுங்கள்.

புது வீட்டுக்குப் போன பயந்த நாய்கள் தொலைவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். கதவைத் திறந்து தபாலை வாங்குகிற நேரம் போதும். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால், மிரண்டு பின்னால் இழுக்கும்போது தலை வழியாக உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு என்று போட்டுத்தான் மாடிப்படி இறக்க வேண்டும். அப்படியும் தப்பிவிட்டால் துரத்தக் கூடாது, கூட்டம் சேர்த்துத் தேடக் கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். ஓடிய இடத்தில் அவள் படுத்த துணியையும் சோற்றையும் வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் எட்ட உட்கார்ந்திருக்க வேண்டும். உடனே எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் வருவேன். தீபாவளிக்கு நம் காதுக்கு எட்டாத ஒலியும் அவளுக்குக் கேட்கும். ஆதலால் ஜன்னலை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, உள்ளறையில் கூடவே ஒருவர் இருங்கள்; முதல் வெடிக்கு முன்பே, பகலிலேயே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள்.

இனி, நான் தள்ளி வைத்த அந்த ஒன்று. உங்கள் வயது ஒரு குறை என்று எழுதியிருந்தீர்கள்; வயது குறையில்லை, ஆனால் கணக்கு இருக்கிறது. இந்த அளவு நாய்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை இருக்கும். பொட்டுவுக்கு இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு ஆண்டு வரை இருக்கிறது. இடையில் உங்களில் ஒருவருக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டி வந்தால், அல்லது வெளியூரில் இருக்கும் மகன் இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டால், அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாங்கள் இருக்கிறோம் என்று உறவினர் வாயால் சொல்வது எனக்குப் போதாது. உங்கள் மகன் என்னோடு ஒருமுறை பேச வேண்டும், அவரே எடுத்துக்கொள்வாரா, இல்லையென்றால் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். இதைக் கேட்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் முப்பது வயதுக்காரரிடமும் வெளிநாட்டு வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். உண்மையில், நாயைத் திருப்பிக் கொடுக்கிறவர்களில் நான் அதிகம் பார்ப்பது அவர்களைத்தான்.

எப்படிப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை என்றால், தெரிந்தவர், உறவினர் என்று யாரிடமும் கைமாற்றாமல் என்னிடமே கொண்டுவந்து விட வேண்டும் என்பது மட்டும் எழுத்தில் இருக்கும். பணம் எதுவும் வேண்டாம்.

மகனிடம் பேசிவிட்டு, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இருவரும் வாருங்கள். அவள் அன்று உங்கள் பக்கம் வராமல் போகலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு மூன்று முறை வந்து போங்கள். பிஸ்கட் வாங்கி வர வேண்டாம். நீங்கள் துவைக்காமல் வைத்திருக்கும் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தால், அவளுடைய பாயில் போட்டு வைக்கிறேன். ஐயா வண்டியில் வருவதாக இருந்தால், ஹெல்மெட்டைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதைக் கண்டால் இவள் அன்றைக்குக் கட்டிலை விட்டு வெளியே வரவே மாட்டாள்.

அன்புடன்,
பொட்டுவை இப்போதைக்கு வைத்திருப்பவள்