எல்லாக் கிளையும் ஒரே லானில் இருந்தே ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளைகளை எல்லாம் ஒரே லானாக (ஒரே கட்டடத்துக்குள் இருப்பது போன்ற ஒரே உள் நெட்வொர்க்காக) மாற்றித் தருகிறோம் என்று சேலத்தில் கடை கடையாக ஏறி விற்கிறார்கள். உங்கள் தொழில் பக்கத்திலும் அதைப் பாராட்டி வந்திருந்தது. எழுதியதில் தப்பில்லை, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. நெட்வொர்க் வேலையிலேயே இருப்பவன், மீதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உதாரணத்துக்கு, செவ்வாய்ப்பேட்டைக் கடை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறை, ஏற்காட்டில் ஒரு லாட்ஜ். மூன்றையும் ஒரே ஈதர்நெட் (லானில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) ஆக்க, அதில் போகும் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது தகவல் பொட்டலத்தையும், அப்படியே இன்டர்நெட்டின் ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். இந்த வழிக்குத்தான் டனல் என்று பெயர். இடத்துக்கு இடம் தனி டனல் என்றால் பத்துக் கிளைக்கு 45 டனல் கட்ட வேண்டும், அதனால் ஒரே இன்டர்ஃபேஸில் எத்தனை முனை வேண்டுமானாலும் சேரும்படி விஎக்ஸ்லான் என்ற முறையைப் போடுகிறார்கள். 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது அது. டேட்டா சென்டர்களை மனதில் வைத்துச் செய்தது. ஒரு நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவாக்கும் பழைய முறையான விலானில் 4,094 பிரிவுதான் கிடைக்கும், இதில் 1.6 கோடிக்கு மேல். மூன்று கிளைக்காரருக்கு அவ்வளவு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

சிக்கல் வருவது எடையில். ஒவ்வொரு ஃப்ரேமோடும் 50 பைட் கூடுதலாகப் போகிறது. ஒரு பாக்கெட்டில் 1500 பைட் போகும் லைனில் உள்ளே 1450-தான் மிச்சம், பிபிபிஓஇ லாகின் (யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் முறை) உள்ள பிராட்பேண்டில் இன்னும் 8 போய் 1442. இதைக் கவனிக்காமல் விட்டால் பிங் (லைன் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகும், லாகின் பக்கம் வரும், மாத ரிப்போர்ட்டைத் திறந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். பெரிய பாக்கெட்டை டனல் முனை துண்டு போடக் கூடாது என்பது அந்த ஆர்எஃப்சியிலேயே உள்ள விதி. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் "மலை லைன் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள், கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினார்கள். துண்டாக்காதே என்று போட்டு பிங் அடித்தால் 1414 பைட் போனது, 1415 போகவில்லை; பிங்கின் தலைப்பு 28 பைட்டைச் சேர்த்தால் அதே 1442. அவ்வளவுதான் நோய்.

அப்புறம் பிராட்காஸ்ட், அதாவது லானில் உள்ள எல்லோருக்கும் போகும் செய்தி. ஒரு பிரிண்டர் கத்தினால் எல்லாக் கிளைக்கும் கேட்கும். இன்டர்நெட்டில் மல்டிகாஸ்ட் (ஒரு முறை அனுப்பினால் பலருக்குப் போய்ச் சேரும் வசதி) கிடைக்காததால் அனுப்புகிற முனையே கிளைக்கு ஒன்றாக நகல் எடுத்து அனுப்ப வேண்டும், அப்லோடு அதிலேயே கரையும். இதைவிட மோசம் லூப். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது, வளையத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறைப் பையன் கேபிளின் இரண்டு நுனியையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில் ரூம் புக்கிங்கும் நிற்கும். தனித்தனி நெட்வொர்க்குகளை இணைக்கும் ரூட்டர் நடுவில் இருந்தால் அந்தக் கூத்து பட்டறையோடு முடியும்.

விஎக்ஸ்லானில் என்கிரிப்ஷனும் (பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) கிடையாது, அதற்கு ஐபிசெக் என்ற முறையைத் தனியாகப் போட வேண்டும், அதற்கும் பைட் போகும்.

பில்லிங், கேமரா, கணக்கு இதெல்லாம் கிளைக்கு ஒரு சப்நெட் (தனி முகவரித் தொகுதி) கொடுத்து ரூட்டர் வழியாக ரூட் செய்தாலே நன்றாக ஓடும். ஐபி முகவரி மாறாமல் சர்வரை இடம் மாற்றுவது, பழைய மெஷின் ஒன்று ரூட்டரைத் தாண்டிப் பேசாது என்பது போன்ற தேவைக்குத்தான் ஒரே லான் சரி. ஆகவே அடுத்த முறை எழுதும்போது, "எங்களிடம் இருப்பதில் எது ரூட்டிங்கில் ஓடாது என்று எழுதிக் கொடுங்கள்" என்று விற்பவரிடம் கேட்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர், சேலம்