எங்களோடு விழித்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இந்த 2025ஆம் ஆண்டின் ஆமைப் பருவம் முடிந்துவிட்டது. கரையில் எடுத்த ஆமை முட்டைகளை மணலில் புதைத்து வேலி போட்டுக் காக்கும் எங்கள் பொரிப்பகத்தின் கடைசிக் குழியும் பொரித்து, வேலியைப் பிரித்து, மூங்கில்களை அடுக்கி வைத்தாயிற்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஆமை முட்டைக் குழிகளைத் தேடி ராத்திரி ராத்திரி நடந்த கல்லூரிப் பிள்ளைகளை நிறையப் பேர் பாராட்டினீர்கள், படம் எடுத்துப் போட்டீர்கள். மகிழ்ச்சி. அந்தப் படங்களில் வராதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எங்களுக்கு ஒரு முட்டைக் குழிகூட அகப்பட்டிருக்காது. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி, எங்களுக்கு முன்னால் இந்த மணலில் நடந்தவர்களுக்கு. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலானவர்கள் இந்த இரவு நடையைத் தொடங்கினார்கள். நம் ஊர்க் கரையில் ஆமை ஏறி முட்டையிடுகிறது என்பதே நகரத்தில் பலருக்குத் தெரியாத காலம் அது. சதீஷ் பாஸ்கர் பிறகு இந்தியக் கடற்கரையில் பெரும்பகுதியையும் தீவுகளையும் கால்நடையாகவே போய்ப் பார்த்து, எந்த ஆமை எங்கே முட்டையிடுகிறது என்று எழுதி வைத்தார். 2023இல் மறைந்தார். 1988இல் சென்னை மாணவர்கள் சேர்ந்து ‘ஸ்டூடண்ட்ஸ் சீ டர்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். அந்த அமைப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக் கிளம்பிய சின்னக் குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. டார்ச் அடிக்காதே, ஆமைக்கு எதிரே போய் நிற்காதே, எடுத்த முட்டையைப் புரட்டாதே என்று நாங்கள் புதிதாக வருபவர்களிடம் சொல்கிற ஒவ்வொரு விதியும் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

அப்புறம், மீனவர் குப்பத்து அண்ணன்மார்களுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறினால் மணலில் இரண்டடி அகலத்துக்கு டிராக்டர் சக்கரம் உருண்ட மாதிரி ஒரு தடம் இருக்கும். தடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தடம் முடிகிற இடத்தில் குழி எங்கே என்று சொல்வதுதான் கஷ்டம். ஆமை முட்டையிட்டு முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் தட்டி இறுக்கிவிடும். சுற்றிலும் துடுப்பால் மணலை வாரி வீசி இடத்தையே கலைத்துவிட்டுப் போகும். கம்பை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கே குத்தலாமா, அங்கே குத்தலாமா என்று நின்றுகொண்டிருப்போம். எங்களோடு வரும் மீனவ அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் அங்கங்கே மெல்ல அழுத்திப் பார்ப்பார். இரண்டு மூன்று இடம் தாண்டி ஓரிடத்தில் நிற்பார். “இங்க தோண்டு, கையால தோண்டு” என்பார். தோளளவு கை உள்ளே போகும்போது, ஈர மணலுக்கு நடுவில் வழவழவென்று முதல் முட்டை விரலில் படும்.

அதன்பிறகு செய்வதை எவரும் கற்றுக்கொள்ளலாம். சுமார் ஒன்றரை அடி ஆழம், அடியில் அகன்று குடம் போன்ற குழி. நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். எண்ணி, குழியின் ஈர மணலோடு துணிப்பையில் வைத்து, குலுங்காமல் தூக்கிக்கொண்டு போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டி வைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் இது நடந்தாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே கரு கெட்டுவிடும். விடியும் வரை தேடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். நாய்களும் வந்துவிடும். ஆகவே அந்தக் குதிகாலின் அறிவுக்குத்தான் இந்த ஆண்டுக் குஞ்சுகள் கடன்பட்டிருக்கின்றன. அண்ணன் ஆமையைக் ‘குட்டியம்மா’ என்றுதான் சொல்வார். விடியற்காலை மூன்று மணிக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான்கு மணிக்கு அவர் கடலுக்குப் போவார்.

இந்த ஜனவரியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. சென்னையிலும் அதற்குத் தெற்கேயும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். விசைப்படகுகள் இழுத்துப் போகும் இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. விதி கடலில் நடக்கிறதா என்று பார்ப்பது கரையில் நடக்கிற மாணவர்களால் ஆகிற வேலை இல்லை. எங்களால் முடிந்தது, ஒதுங்கிய ஒவ்வொரு ஆமையின் முதுகோட்டையும் டேப் வைத்து அளந்து, ஆணா பெண்ணா என்று எழுதி, இரண்டாம் முறை எண்ணிவிடாமல் இருக்க பெயின்ட் அடித்து அடையாளம் வைப்பது மட்டும். குஞ்சு விடலாம் என்று ஆசையாக வந்த முதலாண்டுப் பிள்ளைகள் அந்த வாரங்களில் இதைத்தான் செய்தார்கள். அழுதுகொண்டே செய்தவர்களும் உண்டு.

அந்த நாட்களில் கூட நின்ற இரண்டு தரப்பினருக்கு நன்றி சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. ஒன்று, மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். முப்பது நாற்பது கிலோ எடையுள்ள, அழுகத் தொடங்கிய ஆமையை வெயில் ஏறுவதற்குள் இழுத்துப் போய், ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தது அவர்கள்தான். நாங்கள் அளந்து முடிக்கும் வரை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஓர் அக்கா ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிடி மண்ணைத் தன் கையால் போட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தார். இன்னொன்று, சின்ன ஃபைபர் படகில் போகிறவர்கள். தங்கள் வலையில் உயிரோடு மாட்டிய ஆமையை வெளியே எடுக்கச் சொந்த வலையை அறுத்தவர்கள். அறுத்த வலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. உட்கார்ந்து பின்ன வேண்டும், அன்றைய மீன்பாடும் போய்விடும். அதைக் கணக்குச் சொல்லி எங்களிடம் வந்தவர் ஒருவரும் இல்லை. நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கரையோர வீடுகளுக்கும் கடைகளுக்கும் நன்றி. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் நகரும். இருட்டான கரையில் அது கடலின் மேல் அடிவானம். சென்னையில் அது மாடி விளக்கு, விளம்பரப் பலகை, ஹைமாஸ்ட் என்கிற உயரக் கம்ப விளக்கு. எங்கள் கண்ணுக்குத் தப்பிய குழிகள் தாமாகப் பொரித்தபோது குஞ்சுகள் சாலைப் பக்கம் போகாமல் இருந்தது நீங்கள் அணைத்த விளக்குகளால்தான். பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடி விளக்கை அணைப்பதற்கு அடுக்ககச் சங்கத்தில் கூட்டம் போட்டுச் சண்டை போட்ட பெரியவர்களை எங்களுக்குத் தெரியும். தினமும் மறக்காமல் ஸ்விட்சை அணைத்த காவலாளி ஐயாக்களையும் தெரியும். அவர்களில் பலர் ஊரைவிட்டு வந்து இங்கே வேலை செய்பவர்கள். ஒருவர் மட்டும் ஒருநாள் வேலை முடிந்து பொரிப்பகத்துக்கு வந்து, “நான் லைட் அணைக்கிறது இதுக்குத்தானா” என்று கேட்டுக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போனார். மற்றவர்களும் அடுத்த ஆண்டு கட்டாயம் வர வேண்டும்.

வனத்துறைக் களப்பணியாளர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியும் கண்காணிப்பும் இல்லாமல் முட்டையைத் தொடவே கூடாது. ஏப்ரலில் மணல் கொதித்தபோது குழிகளுக்கு மேல் பந்தல் போட ஓலை ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏற ஏற எல்லாம் பெண்ணாகவே பொரிக்கும், இன்னும் ஏறினால் முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அந்த ஓலைக்கு அவ்வளவு மதிப்பு.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு தனி வணக்கம். அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ராத்திரி நடையையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சம்மதித்தீர்கள், மறுநாள் முதல் வகுப்பில் தூங்கி வழிந்தவர்களைக் கண்டும் காணாமல் விட்டீர்கள். சான்றிதழுக்காகத்தானே வருகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும். மணி நேரம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பெற்றோர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மகளை நள்ளிரவில் கடற்கரைக்கு அனுப்புவது லேசான காரியம் இல்லை. விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், மூன்று மணிக்கு “கிளம்பிட்டியா” என்று போன் செய்தீர்கள். சந்தேகத்தோடு ஓர் இரவு கூடவே நடந்து பார்த்த அம்மா ஒருவர் அதற்குப் பிறகு சுக்குக் காபியோடு வர ஆரம்பித்தார். ரோந்து போலீஸ்காரர்களுக்கும், அந்நேரத்தில் மீட்டருக்கு மேல் கேட்காத ஆட்டோ அண்ணன்களுக்கும் இதே நன்றி.

இளைஞர் சேவைத் திட்டம் நடத்த நினைப்பவர்கள் எங்களிடம் யோசனை கேட்கிறார்கள். எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம். மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டு இருப்பார்கள், படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அது இயற்கை. இன்று கடலுக்குள் போன பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் திரும்பிவர பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அதுவரை இந்தக் கரையில் இருக்கப் போவது குப்பத்து மக்கள்தான். திட்டம் போடும்போதே அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ராத்திரி வேலைக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். பெயர்ப்பலகையில் முதல் பெயரும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கான பயிற்சி டிசம்பரில் தொடங்கும். பதினெட்டு வயது நிரம்பிய யாரும் வரலாம். இந்த முறை முதல் வகுப்பைக் குப்பத்து அண்ணன்களே எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செருப்பில்லாமல் வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள்.

நன்றியுடன்,
ஆமை நடை மாணவர் குழு
சென்னை