ஒரே வரியில் நீங்களும் என் மகளும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையில் ஏஜென்சியின் பெயர் மட்டும்தான் இருந்தது. 2020 ஜூலையில், கோயம்புத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில், வருகிறவர்கள் நெற்றிக்கு நேராகத் தெர்மல் ஸ்கேனரை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். தொப்பி உங்களுக்குக் கொஞ்சம் பெரிது. குனியும்போதெல்லாம் கண்வரை இறங்கிவிடும், முழங்கையால் மேலே தள்ளிக்கொள்வீர்கள். இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு எழுதினால் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரியும். பரவாயில்லை.

போன வாரம் மகளோடு ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவின் கீழ்மூலையில் லேமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. செலோ டேப் மஞ்சளாகி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. முகக்கவசம் பற்றிய முதல் வரி வெயிலில் வெளுத்துப் போயிருக்க, இரண்டாவது வரி மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. கண்ணில் படுகிற போர்டையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமை. "10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்று படித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, நான் உள்ள வரக்கூடாதாம். எனக்கு எட்டுதான ஆகுது?"

கடைக்காரர் சிரித்தார். "அது கொரோனா டைம்ல ஒட்டுனது பாப்பா, கிழிக்க மறந்துட்டோம், நீ வா."

அவள் வந்துவிட்டாள். நான்தான் உங்களை நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் ஒரு இட்லிப் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலை உங்களுக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு, அதனால் சனிக்கிழமை எல்லாக் கடையிலும் கூட்டம். பஸ் கிடையாது. என் கணவர் மஸ்கட்டில். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர மே 7ஆம் தேதியிலிருந்தே வந்தே பாரத் விமானங்கள் பறக்க ஆரம்பித்திருந்தன, ஆனால் வந்தால் வேலை போய்விடும் என்று அங்கேயே இருந்தார். அம்மா ஒட்டன்சத்திரத்தில். ஜூன் 25லிருந்து மாவட்டம் தாண்ட இ-பாஸ். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்றால் விண்ணப்பிக்கலாம். மகள் கடைக்குப் போக வேண்டும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விடலாம் என்றால் அவர்கள் வீட்டில் கொரோனா என்று வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி ஊருக்குப் போனவர், திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் இருந்திருந்தால் உங்களை நான் சந்தித்தே இருக்க மாட்டேன். அண்ணாச்சி கடையில் யாரும் உள்ளே போவதில்லையே. பலகைக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டை நீட்டினால் போதும், இடுப்பில் பிள்ளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பிள்ளைக்கு ஒரு மிட்டாயும் கிடைக்கும்.

பால் பவுடர் தீர்ந்து, டயப்பர் கடைசி இரண்டு. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது, இரவுக்கு மட்டும் டயப்பர் வேண்டும். ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் போனது உங்கள் கடை இல்லை. இன்னொன்று. அங்கே வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பையன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாளைக் காட்டினான். "குழந்தைக்கு நாட் அலவுடு மேடம்." "வீட்டுல ஆள் இல்லீங்க" என்றேன். பின்னால் நின்ற ஒருவர், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "இந்தக் காலத்துல கைப்புள்ளயத் தூக்கிட்டு வெளிய வர்றீங்களே, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா" என்றார். அவர் கூடையில் சிப்ஸும் சோடாவும் இருந்தன. இதையெல்லாம் இத்தனை வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அதே வரிசையில் நாலு வயதுப் பையனோடு ஒரு அப்பாவும் இருந்தார். மனைவி நர்ஸாம், ஏழு நாள் கொரோனா வார்டு, அப்புறம் ஏழு நாள் தனிமை. அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கடைக்காவது விடுவார்களா என்று இரண்டு பேரும் வண்டி நிறுத்துமிடத்தில் பேசிக்கொண்டோம், பஸ் ஸ்டாண்டில் பஸ் விசாரிப்பது மாதிரி.

அப்புறம்தான் உங்கள் கடை. அங்கேயும் அதே தாள். ஆனால் நீங்கள் தாளைக் காட்டவில்லை. பாப்பாவைப் பார்த்தீர்கள், வண்டியைப் பார்த்தீர்கள். "கூட யாரும் வர்லீங்களா அம்மிணி?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டீர்கள். "பாப்பாவ உள்ள விட்டா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க. நீங்க போயி வாங்கீட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினீர்கள்.

நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பெண் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா? திரும்பிப் போனால் ராத்திரிக்குப் பால் இல்லை. பாப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓட்டம். ரேக்குகளுக்கு நடுவே வாசல் எந்த இடத்திலிருந்தெல்லாம் தெரியும் என்று பார்த்துப் பார்த்துத்தான் சாமான் எடுத்தேன். டயப்பர் அளவு மாறிவிட்டது. துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு. பில் போடும் இடத்திலிருந்து பார்த்தபோது, நீங்கள் ஸ்கேனரை அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் உயரத்துக்கு நெற்றியைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். தொப்பி கீழே விழுந்தது. அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தலைமுடி முழுக்க வெள்ளை உங்களுக்கு. எழுபது இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

உங்களிடம் சொல்ல நினைப்பது அந்த எழுபதைப் பற்றித்தான்.

பிறகு ஒருநாள் ஆத்திரத்தில் அந்த உத்தரவைத் தேடிப் படித்தேன். மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மே 30 அன்று போட்டது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று இருந்தது. அதே வரியில், அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் இது பொருந்தாது என்றும் இருந்தது. பால் பவுடர் அத்தியாவசியம் இல்லையென்றால் வேறு எது? டெல்லியில் "அறிவுறுத்தல்" என்று கிளம்பியது கோயம்புத்தூர்க் கடை வாசலுக்கு வரும்போது "அனுமதி இல்லை" ஆகிவிட்டது. விதிவிலக்கு வழியிலேயே எங்கேயோ இறங்கிக்கொண்டது.

கடைக்காரர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கூட்டம் கூடினால் மாநகராட்சி ஆட்கள் வந்து சீல் வைத்துவிடுவார்கள். ஜூன் மாதம் பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடைகளைத் திறக்க விட்டபோது ஒரே நேரத்தில் 5 வாடிக்கையாளர்தான், ஏசி போடக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை. இதற்கு நடுவில் என் மகள் மாதிரி ஒன்று உள்ளே வந்து டிராலிக் கம்பியை நக்கி வைத்தால் யார் பொறுப்பு? உண்மையிலேயே நக்குவாள். பெரியவர்கள் இத்தனைபேர் தொட்ட கம்பியை அவள் தொடக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதம்தான். பிள்ளையோடு வருகிறவர்களிடம் வாசலிலேயே சீட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற பையன்களில் ஒருவரை எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி காலம்காலமாகச் செய்கிற வேலைதான். தாளை ஒட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

உத்தரவின் அந்த ஒரே வரியில் என் மகளும் இருந்தாள், நீங்களும் இருந்தீர்கள். அவளுக்கு முன்னால், முதல் ஆளாக. அதோடு நிற்கவில்லை. ஜூன் 4 அன்று சுகாதார அமைச்சகம் மால்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. வயதான ஊழியர்கள், கர்ப்பிணி ஊழியர்கள், நோயுள்ள ஊழியர்களைக் கூடுமானவரை பொதுமக்களோடு நேரடியாகப் பழகும் வேலையில் வைக்க வேண்டாம் என்று அதில் இருக்கிறது. உங்கள் கடை மால் இல்லைதான். ஆனால் குழந்தை வரியை அந்த மாதிரித் தாள்களிலிருந்துதானே எடுத்தார்கள்? எடுக்கும்போது உங்கள் வரி மட்டும் கண்ணில் படவில்லை. குழந்தையை வெளியே நிறுத்த அட்டை எழுதியவர்கள், அந்த அட்டைக்குக் காவலாக உங்களை நிறுத்தினார்கள். கடைக்குள் போகிற ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் உங்கள் முகத்துக்கு முன்னால் நின்று, மூச்சு விட்டு, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியில் என்ன நடந்தது? கூட்டத்தில் இருக்கவே கூடாது என்று அரசாங்கம் சொன்ன இரண்டு பேர், ஒரு மூன்று வயதும் ஒரு எழுபது வயதும், அந்தக் கடையிலேயே அதிகம் பேர் கடந்து போகிற இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆபத்தும் இல்லாத வயசுக்காரி நான் உள்ளே ஏழு நிமிஷம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நான் வெளியே வந்தபோது சூப்பர்வைசர் கதவைத் திறந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். "சேர்ல எதுக்குய்யா உக்கார வச்ச? கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பாங்க?" அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நீங்கள் ஒன்றும் பேசவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு பாப்பாவின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி உங்களிடம் நீட்டியதோடு சரி.

ஆகஸ்டில் ஒருமுறை வந்தேன். வேறொரு பையன் நின்றான். "பெரியவரு இப்ப வர்றதில்லீங்க" என்றான். ஊருக்குப் போனீர்களா, வேறு கடைக்கு மாற்றிவிட்டார்களா, உடம்புக்கு முடியவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். பாப்பா இடுப்பில் இருந்தாளே, உள்ளே எப்படிப் போவது? இதை ஒரு சாக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் முதலில் தாளைத் தேடுவேன், அடுத்து யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அன்று கிளம்பும்போது நீங்கள் பேன்ட் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்தீர்கள். அவள் வாங்கிக்கொண்டாள். நான் சிரித்தேன், மாஸ்க்குக்குள் சிரித்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. முக்குத் திரும்பியதும் வண்டியை நிறுத்தி, அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். வீடு வரைக்கும் அழுதாள். வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன், நீங்கள் பிடித்திருந்த கையை மட்டும் மூன்றாவது தடவையும். அந்த மிட்டாயை உங்கள் சாயந்திர டீக்கு வைத்திருந்தீர்களோ என்னவோ.

அவளுக்கு அதெல்லாம் நினைவில்லை. பாத்திரக் கடையிலிருந்து வரும் வழியில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதுக்கும்மா என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

இப்படிக்கு,
சிவப்பு ஸ்கூட்டி பாப்பாவின் அம்மா